கோலமூடா சேற்றுக் கரையில் பறவை பார்க்க: மாசி, பங்குனியில் முதல் முறை போகிறவர்களுக்கு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்துக்கு வடக்கே, தெலுக் ஆயர் தாவாரில் தொடங்கி மூடா ஆறு கடலில் கலக்கும் கோலமூடா வரை ஒரு நீண்ட சேற்றுக் கரை இருக்கிறது. பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் அமைப்பு முக்கியப் பறவைத் தலமாகப் பட்டியலிட்டிருக்கும் இடம். ஆனால் அங்கே வாசல் கிடையாது, டிக்கெட் கவுண்டர் கிடையாது, வழிகாட்டிப் பலகையும் கிடையாது. இணையத்தில் தேடினால் நீளமான பறவைப் பட்டியல் வரும். எத்தனை மணிக்குப் போவது, எங்கே நிற்பது, கையில் என்ன அட்டை வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று யாரும் சொல்வதில்லை. தூண்டில் போடும் அண்ணன்மார், படகுத்துறையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், பல வருடமாகப் பறவை பார்க்கிற சிலர் என்று ஆளாளுக்குக் கேட்டுத்தான் இதையெல்லாம் சேர்க்க வேண்டியிருந்தது. நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம்.

ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: சனி, ஞாயிறு பார்த்துப் போகாதீர்கள். ஓதம், அதாவது கடல் தண்ணீர் ஏறி வற்றும் நேரம், பார்த்துப் போங்கள். மற்ற எல்லாமே அதற்கு அப்புறம்தான்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

நம் ஊரில் வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் இல்லை. ஆனால் வடக்கே சைபீரியாவில் பனி உருகும் நேரத்துக்கு அங்கே போய்ச் சேர வேண்டிய பறவைகள், தை கடைசியிலிருந்தே இங்கே தயாராக ஆரம்பித்துவிடும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை நல்ல காலம். அதிலும் மார்ச் மாதத்தின் பிற்பாதி எனக்குப் பிடித்தது. செப்டம்பர், அக்டோபரில் வந்து இறங்கும்போது சாம்பலும் பழுப்புமாக ஒன்றுபோலவே இருக்கும் பறவைகள், இப்போது நிறம் மாறத் தொடங்கும். மணல் உப்புக்கொத்தியின் மார்பில் செம்பழுப்புப் பட்டை ஏறும். வளைமூக்கு உள்ளான் செங்கல் நிறத்துக்குப் போகும். புதிதாகப் பார்க்கிறவருக்கு அடையாளம் கண்டுபிடிக்க இதைவிட எளிதான நேரம் கிடையாது.

வானிலையைப் பொறுத்தவரை, பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் காய்ந்த மாதங்கள். மார்ச் முடிவிலிருந்து மதியத்துக்கு மேல் இடி மழை வரத் தொடங்கும். திறந்த கரையில் உங்களைவிட உயரமாக வேறு எதுவும் இருக்காது. தூரத்தில் இடி கேட்டாலே காருக்குள் போய்விடுங்கள். முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்று நிற்க வேண்டாம்.

நாள் குறிக்கும்போது இரண்டு விசேஷங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் பினாங்குத் தீவிலிருந்து வெளியே வருவதும் திரும்பிப் போவதும் பெரும்பாடு. நோன்பு மாதம் இந்தக் காலத்தில் வரும் ஆண்டுகளில், கரையோர மலாய்க் கம்பங்களில் (கிராமங்களில்) காலை உணவுக் கடைகள் பெரும்பாலும் திறந்திருக்காது. அப்போது சாப்பாட்டைப் பட்டர்வொர்த்திலேயே தாப்பாவ் செய்துகொண்டு (பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொண்டு) கிளம்புங்கள். சாப்பிடுவதைக் காருக்குள் வைத்துக்கொள்வது மரியாதை.

2. ஓத அட்டவணையைப் படிக்கப் பழகுங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். தண்ணீர் முழுக்க வற்றிய நேரத்தில் போய் நின்றால், சேறு கண்ணுக்கு எட்டிய தூரம் வரை விரிந்து கிடக்கும். பறவைகள் எல்லாம் அதன் அந்த ஓரத்தில், தண்ணீர் விளிம்பில் மேய்ந்துகொண்டிருக்கும். தொலைநோக்கியில் புள்ளிகள்தான் தெரியும். தண்ணீர் முழுக்க ஏறிய நேரத்தில் போனால் சேறே இருக்காது. பறவைகள் இறால் குளத்து வரப்பு, திட்டு, மரக்கழிகள் என்று ஓய்வெடுக்கப் போயிருக்கும். ‘அங்கே ஒன்றுமே இல்லை’ என்று சொல்லிவிட்டுத் திரும்பும் பலர் இந்த இரண்டில் ஒரு நேரத்தில் போனவர்கள்தான்.

வேண்டியது இடைப்பட்ட நேரம். உயர் ஓதத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் கரையில் இருங்கள். ஏறும் தண்ணீர் பறவைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். நீங்கள் நகரவே வேண்டாம், அவையே வரும். உயர் ஓதத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் உச்சம்.

அட்டவணை எங்கே கிடைக்கும்? நில அளவை இலாகாவான ஜூப்பெம் வெளியிடுகிறது. கடற்படையின் தேசிய நீர்வரைவியல் மையமும் ஆண்டுதோறும் புத்தகமாகப் போடுகிறது. இலவசக் கைப்பேசிச் செயலிகளும் உண்டு. எதைப் பார்த்தாலும் இந்த மூன்றையும் சரிபாருங்கள்:

முதலாவது, நிலையம் பினாங்காக இருக்க வேண்டும். சில செயலிகள் கேட்காமலேயே கிள்ளான் துறைமுகத்தைக் காட்டும். அங்கே உயர் ஓத நேரம் வேறு, உயரமும் வேறு. இரண்டாவது, நேரம் மலேசிய நேரமா என்று பாருங்கள். உலகப் பொது நேரத்தில் காட்டும் செயலி என்றால் எட்டு மணி நேரம் கூட்ட வேண்டும். மூன்றாவது, நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மீட்டர் கணக்கையும் படியுங்கள்.

அந்த மீட்டர் கணக்கு ஏன் முக்கியம் என்றால், எல்லா உயர் ஓதமும் ஒரே அளவு ஏறாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, குறிப்பாக அதற்கு அடுத்த ஓரிரு நாள்களில், தண்ணீர் மிக அதிகமாக ஏறும், மிக அதிகமாக வற்றும். வீட்டில் தொங்கும் தமிழ்த் தினசரி நாள்காட்டி இதற்கு நன்றாக உதவும். அந்த நாள்களில் சேறு முழுக்க மூழ்கிவிடும் என்பதால் பறவைகள் நெருக்கமாக வரும், ஆனால் சீக்கிரமே எழுந்து போய்விடும். எட்டாம் பிறையை ஒட்டிய நாள்களில் தண்ணீர் மெதுவாக ஏறும், உயர் ஓதத்திலும் கொஞ்சம் சேறு மிஞ்சும். கூட்டம் சிதறிக் கிடந்தாலும் நிதானமாகப் பார்க்கலாம். முதல் முறை போகிறவருக்கு நான் இரண்டுக்கும் நடுவில் உள்ள நாளைத்தான் சொல்வேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. உயர் ஓதம் ஒரு நாளைக்கு இரண்டு முறை, சுமார் பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிட இடைவெளியில் வரும். அதனால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை ஒன்பதுக்கு என்றால் நாளை பத்துக்குச் சற்று முன். ஒரு நாள் மழையால் தவறினாலும் அடுத்த நாள் போகலாம், நேரத்தை மட்டும் தள்ளிக்கொள்ளுங்கள்.

இப்போது இதோடு சூரியனைச் சேருங்கள். இந்தக் கரை மேற்குப் பார்த்தது. காலையில் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து பறவை மேல் விழும். கால் நிறம், அலகு நிறம் எல்லாம் தெளிவாகத் தெரியும். மாலை நான்கு மணிக்கு மேல் கடல் முழுக்கக் கண்ணாடியாகப் பளபளக்கும், எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். ஆகவே உயர் ஓதம் காலை ஒன்பதரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் விழும் நாள்களைத் தேடுங்கள். மாதத்தில் அப்படிச் சில நாள்களே வரும். அவற்றை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு விடுப்பு எடுப்பதைப் பற்றி யோசியுங்கள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே இந்த மாதங்களில் பொழுது விடிய ஏழரை ஆகிவிடும். ஆறு மணிக்குக் கரையில் போய் நின்றால் கொசுக்கடிதான் மிச்சம்.

3. நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே நாளில் மொத்தக் கரையையும் பார்க்க நினைக்காதீர்கள். ஓதம் உங்களுக்காகக் காத்திருக்காது. ஓர் இடம், அதிகம் போனால் இரண்டு.

பாகான் ஆஜாம், பந்தாய் பெர்சே பக்கம் பட்டர்வொர்த்துக்கு மிக அருகில். கார் நிறுத்த இடம் உண்டு, சாப்பாட்டுக் கடைகள் உண்டு. பழுப்புத் தலைக் கடற்காகங்களைப் பார்க்க ஏற்ற இடம். இந்தப் பருவத்தில் அவற்றின் தலை வெள்ளையிலிருந்து காப்பிப் பொடி நிறத்துக்கு மாறும். குழந்தைகளோடு போகிறவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

தெலுக் ஆயர் தாவார் கடலோரம், பட்டர்வொர்த்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள். சேறு அகலமானது, கரைப்பறவைகள் அதிகம் இறங்கும் பகுதி. முதல் பயணத்துக்கு என் தேர்வு இதுதான். ஆனால் இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை இருக்கிறது. அதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

பெனாகா தாண்டிக் கோலமூடா, சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். இங்கேதான் உண்மையான முகத்துவாரம். ஆறு, சதுப்பு மரங்கள், படகுத்துறை, மீன் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் செம்பருந்து, வெண்வயிற்றுக் கடற்கழுகு, ஆலா, மீன்கொத்தி என்று வகை கூடும். இந்தப் பக்கத்தில் நடக்கும் ‘பாசார் பிசிக்’ மீன் சந்தையையும் பாருங்கள். மீன் வாங்க வருகிறவர்கள் தங்கள் விலையை ஏலக்காரரின் காதில் ரகசியமாகச் சொல்வார்கள். பறவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அவ்வளவு தூரம் போய்விட்டுப் பார்க்காமல் வருவது அநியாயம். படகுகள் திரும்பும் நேரத்தைப் பொறுத்து நடக்கும் என்பதால் துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

4. ஆவணங்களைக் கையில் வையுங்கள்

பொதுக் கடற்கரையில் நின்று பறவை பார்க்க எந்த அனுமதிச் சீட்டும் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ‘அனுமதி வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வெறுங்கையோடும் போகாதீர்கள்.

குடிமக்கள் மைகார்ட் அடையாள அட்டையை வைத்திருக்க வேண்டும். வேலைக்கோ படிப்புக்கோ வந்திருப்பவர்கள் கடப்பிதழை, செல்லுபடியாகும் விசாவோடு, அசலாக வைத்திருங்கள். கைப்பேசியில் எடுத்த படம் போதும் என்று நினைக்க வேண்டாம். விடியற்காலையில் கடலோரத்தில் பெரிய லென்ஸோடும் முக்காலியோடும் நிற்கிறவரைப் பார்த்துச் சுற்றுக்காவல் வண்டி நிற்பது சகஜம். அட்டையைக் காட்டி, தொலைநோக்கியை நீட்டி ‘நாக் தெங்கோ புரோங், துவான்’ (பறவை பார்க்க வந்தேன், ஐயா) என்று சொன்னால் பெரும்பாலும் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். பார்த்துவிட்டு ‘எங்கே, எனக்கும் காட்டு’ என்று கேட்கிறவர்களும் உண்டு.

இப்போது அந்த எச்சரிக்கை. தெலுக் ஆயர் தாவாரை ஒட்டித்தான் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் இருக்கிறது. தடைசெய்யப்பட்ட இடங்களுக்கான 1959ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே பொருந்தும். துப்பாக்கி பிடித்த சிப்பாயின் படம் போட்ட சிவப்பு ‘காவாசான் லாராங்கான்’ (தடைசெய்யப்பட்ட பகுதி) பலகையைப் பார்த்தால், அதற்கு அந்தப் பக்கம் நுழையாதீர்கள், லென்ஸையும் திருப்பாதீர்கள். தலைக்கு மேல் போர் விமானம் பறந்தால் படம் எடுக்கக் கை துறுதுறுக்கும், வேண்டாம். கேமராவை எப்போதும் கடல் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் கொண்டுபோகும் யோசனை இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். விமானத்தளம் பக்கத்தில் அது வினை, பறவைக் கூட்டத்துக்கும் பெரிய தொல்லை.

சதுப்புக் காட்டுக்குள் நடக்க ஆசைப்படுகிறவர்கள், காட்டு இலாகாவின் ‘ஹூத்தான் சிம்பான்’ (ஒதுக்குக் காடு) பலகை இருந்தால் வெளியிலேயே நில்லுங்கள். அதற்குள் போகத் தனி அனுமதி வேண்டும். இறால் குளத்து வரப்புகள் தனியார் நிலம். வேலி இல்லாவிட்டாலும் குளத்துக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். நாய்கள் கட்டிப்போடாமல் இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

5. போய்ச் சேரும் வழியும் செலவும்

தீவிலிருந்து வருகிறவர்கள் காரோடு வந்தால் பாலம்தான். புதிய ஃபெரிகளில் கார் ஏற்றுவதில்லை. ஆள்களும் மோட்டார் சைக்கிளும் மிதிவண்டியும்தான். பாலத்தில் டோல் தீவுக்குத் திரும்பும்போதுதான் எடுப்பார்கள். மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை. டச் அன் கோ அட்டையில் காசு இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் ஒரு சின்ன ஆவணச் சிக்கல். ரோன்95க்கு மானிய விலை வேண்டுமென்றால் மைகார்ட் வேண்டும். குடிமகன் அல்லாதவர் வாடகைக் காரில் போனால் மானியமில்லாத விலைக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் உரிமத்தையும் சேர்த்தே எடுத்து வாருங்கள். வாடகைக் கார்க்காரர் கேட்பார், சாலைச் சோதனையிலும் கேட்பார்கள்.

கோலாலம்பூர் ஆள்களுக்கு இடிஎஸ் ரயில் வசதியானது. கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு நான்கு மணி நேரம் வாக்கில் ஆகும். ரயில் நிலையம், ஃபெரி, பேருந்து மூன்றும் பினாங்கு சென்ட்ரலிலேயே சேர்ந்திருக்கின்றன. பள்ளி விடுமுறை வாரங்களில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் ஓத நாள் குறித்த கையோடு பதிவு செய்துவிடுங்கள். முதல் நாள் மாலை வந்து பட்டர்வொர்த்தில் ஓர் இரவு தங்கினால்தான் காலை ஓதம் பிடிக்க முடியும். சாதாரண அறை 80 முதல் 130 வெள்ளிக்குள் (ரிங்கிட்) தேடினால் கிடைக்கும்.

கார் இல்லாதவர்கள் கவனிக்க: பினாங்கு சென்ட்ரலிலிருந்து தெலுக் ஆயர் தாவாருக்கு கிராப் வாடகை வண்டி எளிதாகக் கிடைக்கும். திரும்பி வரவும் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. கோலமூடாவுக்குப் போவது எளிது, திரும்புவதுதான் பாடு. கைப்பேசியில் ஒரு வண்டிகூடக் காட்டாத நேரங்கள் உண்டு. கொண்டுபோய் விட்ட ஓட்டுநரிடமே ‘பன்னிரண்டு மணிக்கு வந்து கூட்டிப்போக முடியுமா’ என்று கேட்டு விலை பேசிவிடுங்கள். பேருந்தும் ஓடுகிறது, ஆனால் ஓதத்துக்கு ஏற்ற நேரத்தில் அது வந்து நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மொத்தக் கணக்கு: தீவிலிருந்து காரில் போய்வர, டோல், பெட்ரோல், காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 40 வெள்ளிக்குள் முடிக்கலாம். இரண்டு மூன்று பேர் பகிர்ந்தால் தலைக்கு 20 வெள்ளிகூட ஆகாது.

6. கருவி: முதல் நாளே வாங்க வேண்டாம்

8×42 அளவுத் தொலைநோக்கி ஒன்று போதும். நல்லதாக 400, 500 வெள்ளியில் கிடைக்கிறது. 20 மடங்கு, 30 மடங்கு என்று எழுதிக் கடையில் மலிவாக விற்பதை வாங்காதீர்கள். கை நடுக்கத்தில் ஒன்றும் நிற்காது, படமும் மங்கலாக இருக்கும். சேற்றுக் கரைக்கு உண்மையில் உதவுவது முக்காலியில் வைக்கும் ஒற்றைக் குழல் தொலைநோக்கி. ஆனால் அது ஆயிரம் வெள்ளிக்கு மேல் போகும். வாங்குவதற்கு முன் மலேசிய இயற்கைக் கழகத்தின் பினாங்குக் கிளை நடத்தும் பறவை நடைகளில் கலந்துகொள்ளுங்கள். 1940இல் தொடங்கிய கழகம் அது. ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கப் பங்கெடுக்கிறவர்கள். அவர்களோடு ஒரு காலைப் பொழுது நின்றால், அவர்களுடைய குழலிலேயே கண் வைத்துப் பார்க்கலாம். அப்புறம் வாங்குவதா வேண்டாமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பறவையை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலி இலவசம். மலேசியாவுக்கான பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள், கோப்பு பெரியது.

மற்றபடி தொப்பி, முழுக்கைச் சட்டை, இரண்டு லிட்டர் தண்ணீர், கொசுவுக்கும் ‘அகாஸ்’ பூச்சிக்கும் தடவ மருந்து. வெள்ளைச் சட்டை, பளிச்சென்ற மஞ்சள் வேண்டாம். பழைய காலணி போதும். சேற்றில் இறங்கத்தான் போவதில்லையே.

7. கரையில் எப்படி நிற்பது

சேற்றில் இறங்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் கால் வைத்தால் முழங்கால் வரை, சில இடங்களில் இடுப்பு வரை போகும். தரை சமதளம் என்பதால் ஏறும் தண்ணீர் ஓடிவருவது போல வரும். வற்றிய நேரத்திலிருந்து மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில்தான் மிக வேகமாக ஏறும். கிளிஞ்சல் எடுக்கும் மீனவர்கள் பலகை வைத்துச் சறுக்கிப் போவதைப் பார்த்து நாமும் போகலாம் என்று எண்ண வேண்டாம்.

படகுத்துறையில் நிற்பதானால் முதலில் அங்கிருக்கும் பெரியவரிடம் ஒரு வார்த்தை. ‘பாக் சிக், தும்பாங் லாலு, நாக் தெங்கோ புரோங் கெடிடி’ (பெரியவரே, கொஞ்சம் வழி விடுங்கள், கரைப்பறவை பார்க்க வேண்டும்) என்றால் போதும், புரிந்துவிடும். எந்தப் பக்கம் கூட்டம் இறங்கியிருக்கிறது என்று அவர்களே கை காட்டுவார்கள். வலை உலர்த்தும் இடத்தில் முக்காலி வைக்காதீர்கள், படகு இழுக்கும் வழியில் காரை நிறுத்தாதீர்கள்.

பறவைகளை எழுப்பிவிடாதீர்கள். இது வெறும் நாகரிகம் பற்றிய பேச்சு மட்டும் கிடையாது. இங்கிருந்து கிளம்பினால் மஞ்சள் கடல் கரைகளில் ஒரு நிறுத்தம், அங்கிருந்து சைபீரியா. அந்தத் தூரத்துக்கான கொழுப்பை உடம்பில் ஏற்றிக்கொள்ளும் வாரங்கள் இவை. ஓய்வெடுக்கும் கூட்டத்தை ஒரு படத்துக்காக ஓடிப் பறக்கவிடுகிறவர், அது சேர்த்த கொழுப்பில்தான் கை வைக்கிறார். பறவைகள் மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்தி ஒரே பக்கம் பார்க்கின்றனவா? நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். அப்படியே நில்லுங்கள், அல்லது இரண்டு அடி பின்வாங்குங்கள்.

8. முதல் நாளில் எதையெல்லாம் பார்ப்பது

கரைப்பறவை எல்லாம் ஒரே மாதிரி என்று சொல்லி ஓடிப்போனவர்கள் நிறைய. எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்க முயன்றால் அப்படித்தான் ஆகும். முதலில் பெரியதிலிருந்து தொடங்குங்கள்.

கீழ்நோக்கி வளைந்த நீள அலகு, கோழி அளவு உடம்பு என்றால் கோட்டான் (ஆந்தை இல்லை, ஆங்கிலத்தில் கர்லூ). தலையில் பட்டைக் கோடு இருந்து அலகு கொஞ்சம் குட்டையாக இருந்தால் சின்னக் கோட்டான். நேரான நீள அலகு என்றால் மூக்கன். பறக்கும்போது இறக்கையில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை தெரிந்தால் கருவால் மூக்கன். பட்டை இல்லாமல் அலகு நுனி லேசாக மேல்நோக்கி இருந்தால் பட்டைவால் மூக்கன். ஆரஞ்சுச் சிவப்புக் காலோடு கத்திக் கத்தி எல்லாரையும் கிளப்பிவிடுவது பவளக்காலி. குட்டை மஞ்சள் கால், மேல்நோக்கி வளைந்த அலகு, நண்டு துரத்திக் குனிந்தபடி ஓடும் ஓட்டம் மூன்றும் சேர்ந்தால் டெரெக் உள்ளான். இந்த ஆறு போதும் முதல் நாளுக்கு.

கண் பழகிய பிறகு மூக்கன் கூட்டத்துக்குள் ஆசிய டோவிச்சரைத் தேடுங்கள். கறுப்பு அலகை நேராகக் குத்திக் குத்தித் தையல் இயந்திர ஊசி போல மேயும். இந்தக் கரையின் பெருமை நார்ட்மன் பச்சைக்காலி. அழியும் ஆபத்தில் உள்ள இனம், உலகத்திலேயே எண்ணிக்கை மிகக் குறைந்த கரைப்பறவைகளில் ஒன்று. சாதாரணப் பச்சைக்காலியைவிடக் கால் குட்டை, சற்று மஞ்சள், அலகு தடிமன். ‘பார்த்தேன்’ என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள், கூட இருப்பவரிடமும் காட்டுங்கள். வெள்ளைக்கொக்குகளில் அலகு மஞ்சளாகி, பின்தலையில் சிலிர்த்த கொண்டையோடு சேற்றில் துறுதுறுவென்று ஓடுவது சீனக் கொக்காக இருக்கலாம். சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு.

திரும்பும் வழியில் வயல்களையும் ஒரு பார்வை பாருங்கள். நத்தை குத்தி நாரைகள் இப்போது வடக்கு மாநில வயல்களில் கூட்டமாக நிற்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

9. பார்த்ததைப் பதிவு செய்யுங்கள்

ஈபேர்ட் செயலியில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். நேரம், இடம், எண்ணிக்கை மூன்றையும் கரையில் இருக்கும்போதே போடுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து போட்டால் இருநூறு ஐந்நூறாகிவிடும். கூட்டத்தை எண்ணத் தெரியவில்லை என்றால் முதலில் பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அந்த அளவால் கூட்டத்தைப் பிரித்துப் பெருக்குங்கள்.

சில பறவைகளின் காலில் ஆராய்ச்சியாளர்கள் கட்டிய வண்ணப் பிளாஸ்டிக் கொடி தெரியும், எங்கே கட்டினார்கள் என்பதை நிறம் காட்டும். ஆரஞ்சு என்றால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, மஞ்சள் என்றால் அதே நாட்டின் வடமேற்குப் பகுதி, கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தது என்றால் ஷாங்ஹாய் பக்கத்துச் சோங்மிங். எந்தக் கால், மேலே எந்த நிறம், கீழே எந்த நிறம், எழுத்து ஏதும் உண்டா என்பதைக் குறித்துக்கொண்டு, முடிந்தால் ஒரு படமும் எடுத்து, இயற்கைக் கழகத்து ஆள்களிடம் கொடுங்கள். கொடி கட்டியவர்களுக்கு அவர்கள் சேர்த்துவிடுவார்கள். பறவை எந்த நாள் எங்கே கட்டப்பட்டது என்ற பதில் வரச் சில வாரம் ஆகலாம்.

10. ஏப்ரலுக்குப் பிறகு

ஏப்ரல் நடுவுக்கு மேல் கரை வேகமாகக் காலியாகும். அந்த வருடம் வடக்கே போகாத இளம் பறவைகள் கொஞ்சம் தங்கியிருக்கும். அவற்றைப் பார்க்கவே ஒரு பயணம் வேண்டாம். பருந்து, கழுகு வகைகளில் ஆசை வந்துவிட்டால், மார்ச்சில் போர்ட்டிக்சன் பக்கத்துத் தஞ்சோங் துவானில் இயற்கைக் கழகம் நடத்தும் வேட்டைப்பறவை நிகழ்வு இருக்கிறது. சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வருகிறவற்றை அங்கே பகல் வெயிலில் பார்க்கலாம், அதற்கு ஓதக் கணக்கும் தேவையில்லை. இல்லையென்றால் செப்டம்பர் வரை பொறுத்திருந்து, அந்த மாதத்து அட்டவணையில் காலை ஓத நாள்களை மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். அப்போது வருகிறவை நிறம் கலைந்து வரும் என்பதால், இந்தப் பருவத்திலேயே அந்த ஆறு பறவையையும் நன்றாகப் பழகி வைத்துக்கொள்வது நல்லது.